‘வந்தாச்சு’ என்றொரு எதிராளி

மார்ச் 4
என் அறை, மூன்றாம் மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் போன கடிதத்திலேயே புலம்பித் தீர்த்திருப்பாய். உன் கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் வந்து சேரும், படமும் வராது, குரலும் வராது என்பதால், ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிய என்னைப் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டாய். கப்பல் எஞ்சினியராகப் போனது நீ. தண்டனை எனக்கு.

சோப்புத் தொழிற்சாலையில் வேலை வழக்கம்போல. கன்வேயரில் சோப்பு வரும், சென்சார் பார்க்கும், இயந்திரக் கை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள் தள்ளும். அந்தக் கைக்குப் புரோகிராம் எழுதுவது நான். எல்லாம் ஒரு லூப்தான். எடு, மடி, தள்ளு. மறுபடி எடு. அது நின்றால் ஆலையே என் தலைமேல் ஏறி நிற்கும். நேற்று மேனேஜர், “தம்பி, கொஞ்சம் பொறுமையா பேசுங்க” என்றார். “பொறுமையா பேசினா பெல்ட் ஓடிடுமா சார்?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதி.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் நம் பழைய சண்டை விளையாட்டுதான். நீ இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டோம். இப்போது நெட்டில் முகம் தெரியாதவர்களோடு. அதில்தான் ஒரு தொல்லை.

ஏழு மணி வாக்கில் ஓர் ஆள் வந்து மாட்டுகிறான். நாம் ‘பீப்பாய்’ என்று பெயர் வைத்தோமே, அந்தத் தொந்திப் பயில்வானை வைத்துத்தான் ஆடுகிறான். ஓர் எட்டு முன்னால் வருவான். காலில் ஓர் உதை. வயிற்றில் ஒரு குத்து. பிறகு தூக்கி எறிவான். எறிந்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பான். மறுபடி அதே உதை, அதே குத்து, அதே தூக்கல். வேறு எதுவுமே தெரியாது. எத்தனை நாள் ஆனாலும் அதே.

“சப்பை ஆளு, ஊதித் தள்ளிடலாமே” என்பாய். தள்ள முடியவில்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்குகிறேன். கொஞ்ச நேரம் தடுத்துத் தடுத்து எனக்கே சலிப்பு வந்துவிடும், எதையாவது குதித்துச் சாகசம் செய்யப் போவேன், அந்த இடைவெளியில் காலில் உதை விழும். மூளை இல்லாத ஆளிடம் தோற்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? இரண்டு தடவை ரிமோட்டைக் கட்டிலில் வீசிவிட்டேன்.

அவன் பெயர்கூட ஏதோ அன்னிய பாஷை. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து: வி, ஏ, என், டி, ஏ, சி, எச், யு. வான்டாசுவோ என்னவோ.

உன் எஞ்சின் சத்தத்தில் காது போய்விடப் போகிறது, பஞ்சு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி


மார்ச் 11
கப்பல், எஞ்சின் அறைக்கு நேர் மேலே

டேய் முசுடு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளாதே. பஞ்செல்லாம் எதற்கு? எங்களுக்குக் காதுக்கு மூடி இருக்கிறது. உன்னைப் போன்ற ஆட்கள் பேசும்போதும் அதைப் போட்டுக்கொள்ளலாம் போல.

“தெரிந்தும் வாங்குகிறேன்” என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துச் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. எடு, மடி, தள்ளு என்று நாள் முழுக்க லூப் எழுதுகிறவனுக்கு ஒரு லூப்பைப் பார்த்தால் பொறுக்கவில்லையா?

சரி, அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தாயா? நான் படித்தேன். அது வான்டாசுவும் இல்லை, வாழைக்காயும் இல்லை. அது ‘வந்தாச்சு’.

நம் வீட்டில் ‘வந்தாச்சு’ என்று சொல்லும் ஆள் யார்? நீரேற்று நிலையத்தில் பம்ப்பை நிறுத்திவிட்டுச் சைக்கிளைச் சாத்தி, செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல் வருமே. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா உள்ளே இருந்தபடி, “அதான் தெரியுதே, ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்பாள். மறுநாளும் அதே ‘வந்தாச்சு’. என் பழைய விளையாட்டுப் பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழேதான் இருக்கிறது. நெட்டும் இருக்கிறது. ஆளும் தனியாகத்தான் இருக்கிறார்.

சும்மா சொல்கிறேன். ஆனால் உதை, குத்து, தூக்கல் என்று மூன்றையே திரும்பத் திரும்ப வரிசை மாறாமல் செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். “சாப்பிட்டியா? தூங்கினியா? உடம்பு எப்படி? சரி, வெச்சிடறேன்.” அந்த இரண்டு எட்டு பின்வாங்கல்கூட இருக்கிறது பார்.

அதைத்தானே நீ போன வருஷம், “மூணு கேள்வியையும் ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடுங்கப்பா, நீங்க எதுக்கு நடுவுல?” என்று கேட்டாய். அன்றைக்கும் அவர் “சரி, வெச்சிடறேன்” என்றுதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவே இல்லை. நீயும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் கடலில்.

நேரத்துக்குச் சாப்பிடு. (பார், எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

அன்புடன்,
அக்கா


மார்ச் 19
என் அறை

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. போன வருஷம் அப்பா கூப்பிட்ட அன்று லைன் நின்று போய் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் போன் செய்து “சாப்பிட்டியா” என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இரண்டாவது, நீ சொன்னது தொழில்நுட்ப ரீதியில் அபத்தம். அப்பா டிவியில் சத்தத்தைக் குறைக்கவே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவருகிறவர். மேலும் ‘வந்தாச்சு’ என்றால் டி-க்குப் பிறகு இன்னொரு எச் வர வேண்டும். இதில் இல்லை.

இப்படி உனக்குப் பதில் எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் குளிக்கப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது: எச் போடாதவர் அப்பா. என் பள்ளிக்கூட அட்டையில் என் பெயரிலேயே எச்சை விட்டுவிட்டு எழுதி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் என்னை அலைய விட்ட மனிதர். உன் பெயரிலும் ஓர் எச்சைக் காணோம்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். வந்தார். (பார், ‘வந்தான்’ என்று எழுத முடியவில்லை.) ஆட்டம் தொடங்கியதும் ரிமோட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பீப்பாய் ஓர் எட்டு முன்னால் வந்தது. உதைக்குக் காத்திருந்தேன். உதை வரவில்லை. அக்கா, அது நின்றது. என் ஆளுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், சும்மா நின்றது. அடித்திருந்தால் மூன்றே சுற்றில் என்னைச் சாய்த்திருக்கலாம். நெட்டில் ஆடுகிற எந்த மனிதனும் இப்படி ஒரு வெற்றியை விடமாட்டான், நானும் விடமாட்டேன். ஆட்ட நேரம் ஓடித் தீர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. சமன் என்று காட்டியது.

மறுபடி ரிமோட்டை எடுத்து ஒரு குத்து விட்டேன். உடனே உதை, குத்து, தூக்கல். கீழே வைத்தேன். நின்றது.

திருப்பி அடிக்காதவனை அடிக்க மனசு வராத ஆள் யார்? எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதுகூட நான் விழுந்தால் அவரும் நின்றுவிடுவார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

யோசித்துப் பார். ‘நீங்க எதுக்கு’ என்று கேட்டவனுக்குப் போன் செய்ய முடியாது. அதனால் இந்த வயதில் அந்தப் பெட்டியைத் தூசி தட்டி, எங்கே எந்த வயரைச் செருகுவது என்று கண்டுபிடித்து, பட்டன்களைப் பழகி, மூன்றே மூன்று அடியைக் கற்றுக்கொண்டு, லட்சம் பேர் ஆடும் இடத்தில் என்னைத் தேடி வந்து நிற்கிறார். வந்தாச்சு என்று பெயரையும் போட்டுக்கொண்டு. ஓர் இயந்திரம் பழுதானால் எனக்குக் காரணம் சொல்லத் தெரியும். இதற்கு என்ன சொல்வது? மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அவரிடம் எதுவும் கேட்காதே. கேட்டால் வெட்கப்பட்டு வராமல் போய்விடுவார்.

தம்பி


மார்ச் 27
கப்பல்

என் அன்புத் தம்பி,

நான் விளையாட்டுக்குத்தான் எழுதினேன். நீ எழுதியதைப் படித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பீப்பாய் அடிக்காமல் நின்றதைத்தான் சொல்கிறேன். இரண்டு நாளாக எண்ணெய் அளவு பார்க்கும்போதும் அதே நினைப்பு.

துறைமுகத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்வேன், ஆனால் கேட்க மாட்டேன். சத்தியம்.

உனக்கு ஒன்று தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அம்மா உன்னோடு போனில் பேசும்போது அப்பா பின்னாலேயே நிற்பார். “சாப்பிட்டானான்னு கேளு. தூங்கறானான்னு கேளு. உடம்பு எப்படின்னு கேளு.” அம்மா, “இருங்க, பேச விடுங்க” என்று அதட்டிவிட்டு உன்னிடம் ஊர்க்கதை முழுவதும் பேசுவாள். நடுநடுவே அவர் கேட்டதையும் கேட்டு வைப்பாள். அம்மா போன பிறகு போன் அவர் கைக்கு வந்தது. கதை எல்லாம் அம்மாவோடு போய்விட்டது. அவரிடம் மிச்சம் இருந்தது அவருடைய மூன்று கேள்விதான்.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எழுத வேண்டும்போல இருந்தது.

பீப்பாயை ரொம்ப அடிக்காதே.

அக்கா


ஏப்ரல் 9
என் அறை

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இத்தனை நாளும் ஒரு நாள் தவறாமல் ஆடினோம். நான் இப்போதெல்லாம் குதிப்பதில்லை. முதல் உதையைத் தடுப்பேன், குத்தை வாங்கிக்கொள்வேன், தூக்கி எறியும்போது எறிய விடுவேன். பாதி ஆட்டத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். அவரும் நிற்பார். இரண்டு தொந்தியும் சண்டை இல்லாமல் எதிரெதிரே நிற்கும். (நானும் பீப்பாய்க்கு மாறிவிட்டேன்.) வேலையில் என்ன நடந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மேனேஜரே, “என்ன தம்பி, கல்யாணமா?” என்று கேட்கிறார்.

முந்தாநாள் அவர் வரவில்லை. சரி, கரண்ட் போயிருக்கும் என்று விட்டேன். நேற்றும் வரவில்லை. இன்று ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், யார் யாரோ வருகிறார்கள், விதவிதமாக அடிக்கிறார்கள், ஓர் அடிபோல இன்னோர் அடி இல்லை. அவரைக் காணோம். பெயரைத் தேடினால் அப்படி ஆளே இல்லை என்கிறது.

ஒரு வருஷத்துக்கு மேல் கூப்பிடாத அப்பாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போகும்போது எடுத்தார்.

“ஹலோ?”

“அப்பா, ஏன் வரல?” இதுதான் என் வாயில் வந்தது. நல்லாயிருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

“எங்க?” என்றார்.

“இங்கதான். ஏழு மணிக்குப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு நாளா பாக்கறேன்.”

“என்னையா?”

“வேற யார?”

தொண்டையைச் செருமினார். பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

எப்போதும் ‘ம்’ என்பேன். இன்று, “இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

“ஏன்?”

அக்கா, கவனித்தாயா? நான்காவது கேள்வி! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. பசிக்கல என்றேன். தூங்கினியா என்றார், சரியாத் தூங்கல என்றேன். உடம்பு எப்படி என்றார், குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குது என்றேன். “தலகாணிய மாத்து” என்றார். “சரி, வெச்சிடறேன்.”

விளையாட்டைப் பற்றி மட்டும் மூச்சே விடவில்லை. என்னமாய் நடிக்கிறார்! கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்து பெயரை அழித்துவிட்டாரோ? நல்லபடியாக இருக்கிறார், அது போதும். ஆனால் நாளைக்கு வருவாரா?

தம்பி


ஏப்ரல் 12
துறைமுகம்

தம்பி,

கரைக்கு வந்ததும் வீட்டுக்கு அடித்தேன். நேற்றும் எடுக்கவில்லை, இன்று காலையிலும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டால், கதவு பூட்டியிருக்கிறது, அப்பாவின் கைபேசி உள்ளேயே அடிக்கிற சத்தம் கேட்கிறது என்கிறார். எங்கே போனார்? உன்னிடம் ஏதாவது சொன்னாரா? உன் போனும் அணைந்து கிடக்கிறது. ஆலைக்குள் இருக்கிறாயா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். இரண்டு வரியாவது உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 12, சாயங்காலம்
என் அறை

அக்கா,

முதலில் இதைப் படி: அப்பா என்னோடு இருக்கிறார். நன்றாக இருக்கிறார். டீ போடுகிறேன் என்று என் ஒரே பாத்திரத்தைக் கரியாக்கிவிட்டு, புதுப் பாத்திரம் வாங்கக் கீழே கடைக்குப் போயிருக்கிறார்.

இப்போது மெதுவாகச் சொல்கிறேன். (நான்தான். மெதுவாக.)

இன்று அரை நாள்தான் வேலை, மதியம் ஆலையிலிருந்து வந்து மாடிப்படி ஏறினேன். என் கதவுக்கு முன்னால் ஒருவர் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வந்தாச்சு” என்றார்.

சாவியை எடுக்க மறந்து அவரையே பார்த்தேன்.

“என்னடா பாக்கற? நீதான ஏன் வரலன்னு கேட்ட?”

ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். நான் போனில் கேட்ட ஒரு கேள்விக்கு, காரணம் கேட்காமல், கைபேசியைக்கூட எடுக்க மறந்து கிளம்பி வந்திருக்கிறார். பைக்குள் எனக்கு ஒரு தலையணை.

உள்ளே வந்ததும் நான் பெரிய புத்திசாலிபோல ரிமோட்டை நீட்டி, “இந்தாங்க, உங்க பீப்பாய்” என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தார். “பீப்பாயா? எங்க? தண்ணி பிடிக்கணுமா?” என்றார். பம்ப் ஆள் வேறு என்ன கேட்பார்? நடிப்பு இல்லை, அக்கா. அந்த முகத்துக்கு நடிக்கத் தெரியாது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் குளிக்கப் போனபோது, அந்த விளையாட்டின் புதிய பதிப்புக்கு என்ன அறிவிப்பு வந்திருக்கிறது என்று தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியது. எவனுக்குப் பொறுமை இருந்தது? அதில் இருக்கிறது: ஆட ஆள் கிடைக்காதவர்களுக்கு ஜோடியாக விடப்பட்டிருந்த கணினியே ஆட்டும் பயிற்சி எதிராளிகள் நீக்கப்பட்டுவிட்டன. அவற்றின் பெயர்கள் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு உருவாக்கப்பட்டவை. எதிரே இருப்பவர் கையை எடுத்துவிட்டால் அவையும் அடிக்காமல் நிற்கும்படி எழுதப்பட்டிருந்தன.

லூப், அக்கா. வெறும் லூப். எடு, மடி, தள்ளு. ஏழு மணிக்கு அது வரவில்லை, ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தவன் நான். நாள் முழுக்க இதையே எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு லூப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். ‘ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடுங்க’ என்று கேட்டேனே, யாரோ போட்டுவிட்டார்கள்.

கேவலமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்கோ ஒருவன் எட்டு எழுத்தைக் குலுக்கிப் போட்டான், ஓர் எச் குறைந்தது, நீ கடலிலிருந்து அதை வாய்விட்டுப் படித்தாய், இங்கே என் கதவுக்கு முன்னால் அப்பா. இதில் எந்த இடத்தில் சென்சார் வைத்துப் பார்ப்பது? எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று புரிந்தது, என் பாஷையிலேயே சொல்கிறேன். நல்ல புரோகிராம் ஒரு கேள்வியைக் கேட்டால், சரியான பதில் வரும்வரை அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்கும். நான் ‘ம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ‘இல்ல’ என்றதும் அடுத்த வரிக்குப் போய்விட்டாரே!

பீப்பாயைப் பற்றி அவரிடம் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே. நான் கூப்பிட்டேன், அவர் வந்தார். அப்படியே இருக்கட்டும்.

ஆனால் சும்மா இருக்க முடியாமல் குளித்து வந்ததும் ரிமோட்டைக் கையில் கொடுத்து ஆடச் சொன்னேன். அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்கவே இல்லை. குதிக்கிறார், உருள்கிறார், சுவரில் போய் முட்டிக்கொள்கிறார், என் ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காற்றில் உதைக்கிறார். ஓர் அடியை இரண்டாவது தடவை அடிக்கவே இல்லை! அடுத்து என்ன வரும் என்று ஒன்றுமே தெரியாமல் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். “என்னடா, வேலைக்கெல்லாம் போற, இது வரலியா உனக்கு?” என்கிறார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்னும் கதவுக்கு வரவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பிட்டியா? தூங்கினியா? உடம்பு எப்படி? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. ‘ம்’ எல்லாம் செல்லாது.

சரி, வெச்சிடறேன்.

முசுடு